பட்டாணி நீலனுக்கு இரண்டு மச்சம்

என் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் பிறந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

நான் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்பா பின்னால் வந்து நின்று, "தாடையைக் கொஞ்சம் இறக்கு பாப்பா, வெளிச்சம் நல்லா விழுது" என்பார். வாய் நிறைய நுரையோடு தாடையை எங்கே இறக்குவது? எனக்குப் பதினொரு வயது முடிந்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

சித்தி அதே ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். அம்மாவின் தங்கை. படம் எடுப்பது அப்பாவின் வேலை, எடுத்த படத்தைச் சுத்தம் செய்வது சித்தியின் வேலை. பரு, தழும்பு, மச்சம், சுருக்கம், காற்றில் பறக்கும் ஒற்றை முடி, எதையும் விடமாட்டார். எங்கள் கடையை விட்டு ஒரு முகம்கூடக் கறையோடு வெளியே போனதில்லை என்பதில் அவருக்குப் பெரிய பெருமை.

அந்தப் பெருமையால் அவதிப்படுவது நான். நாலு வயதில் மாடிப்படியில் உருண்டதால் என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. தாடையில் ஒரு மச்சம் உண்டு. பள்ளி அடையாள அட்டையில் இரண்டும் கிடையாது. மூக்கைக்கூடச் சித்தி கொஞ்சம் செதுக்கியிருக்கிறார் என்பது என் சந்தேகம். நூலகத்தில் புத்தகம் எடுக்கப் போனால் நூலகர் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "உங்க அக்கா கார்டை எடுத்துட்டு வந்துட்டியா?" என்பார். எனக்கு அக்காவே கிடையாது. இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டார்.

மீதி இருப்பது தம்பி. ஆறு வயது. வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஆனால் உண்மையான ரேடியோவை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கும். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். அந்த வாரம் முழுக்க அவருக்கு விடியற்காலையில் தொடங்கி மாலைவரை வேலை இருந்ததால், பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் ரேடியோ என் தலையில் விழுந்தான்.

இப்படிப்பட்ட குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால், மதில் சுவரை ஒட்டி நீளமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே யாரும் எதையும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. தும்பை, நாயுருவி, நெருஞ்சி, பெயர் தெரியாத ஒரு மஞ்சள் பூ என்று எல்லாம் தானாகவே முளைத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் வண்ணத்துப்பூச்சிகள் வந்துவிடும். மதிய இடைவேளையில் எனக்கு அதுதான் இடம். என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

பெரிய மிஸ்ஸுக்கு, அதாவது எங்கள் தலைமையாசிரியைக்கு, அந்த இடத்தைக் கண்டாலே ஆகாது. அவர் மோசமானவர் இல்லை. கோணலாக எது இருந்தாலும் அவர் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். வராந்தாவில் நடந்து போகும்போதே அறிவிப்புப் பலகையில் சாய்ந்திருக்கும் காகிதத்தை நேராக்கிவிட்டுப் போவார். பிள்ளைகளின் சாக்ஸில் நாயுருவி முள் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சில பெற்றோர் புகார் வேறு சொல்லியிருந்தார்கள். அதனால் வருகிற சனிக்கிழமை அங்கே எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் புல்விரிப்பு போட்டு, வண்ணம் பூசிய பன்னிரண்டு தொட்டிகளை வரிசையாக வைப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

எங்கள் அறிவியல் சார் அவரிடம் போய் எவ்வளவோ கெஞ்சினார். கடைசியில் பெரிய மிஸ் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலை இடைவேளைக்குள் பத்து வகை வண்ணத்துப்பூச்சிகளின் படம் அவர் மேசைக்கு வர வேண்டும். ஒவ்வொன்றும் அந்த இடத்திலேயே, தானாக முளைத்த பூவில் தேன் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்து வைத்து எடுக்கக் கூடாது.

"பத்துன்னா பத்து. ஒன்பதரை கூட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை மதியத்துக்குள் வகுப்பில் ஆளாளுக்கு எடுத்து ஒன்பது சேர்த்துவிட்டோம். பத்தாவதுதான் கழுத்தை அறுத்தது. அதன் பெயர் பட்டாணி நீலன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சிறகை மடக்கி உட்கார்ந்தால் பென்சிலால் கிறுக்கியது போல அலை அலையாகக் கோடுகள் தெரியும். சிறகின் பின்னோரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவற்றை ஒட்டி நூல் மாதிரி ஒரு சின்ன வால்.

அந்த வாலை ஆட்டினால் பின்பக்கம்தான் தலை என்று பறவை ஏமாந்து அங்கே கொத்துமாம். பூச்சி கிழிந்த சிறகோடு தப்பித்துவிடுமாம். சார் சொன்னார்.

பறவையை மட்டுமா ஏமாற்றியது? எங்களையும் மூன்று நாள் அலைய வைத்தது. உட்காராது. உட்கார்ந்தால் காற்று வந்து பூவை ஆட்டும். காற்று நின்றால் ரேடியோ வாயைத் திறப்பான்.

அப்பாவிடம் ஸ்டுடியோவின் பழைய கேமராவைக் கேட்டு வாங்கினேன். கேமரா எடை அரைக் கிலோ இருக்கும், கூட வந்த அறிவுரை பத்துக் கிலோ. புதன் மாலை பள்ளி விட்டபின் தும்பைச் செடிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். எறும்பு முழங்கையில் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ரேடியோ என் முதுகில் உட்கார்ந்து, வண்ணத்துப்பூச்சிக்குப் பல் இருக்குமா, இல்லையென்றால் அதற்கு ஏன் பல் வலிக்காது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு மணி நேரம் கழித்து அது வந்தது. தும்பையில் உட்கார்ந்தது. ஒரே ஒரு படம் கிடைத்தது.

ஓடிப்போய் மெமரி கார்டைச் சித்தியிடம் கொடுத்து, "ஒரு பிரிண்ட் போட்டு வைங்க சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ரேடியோவுக்குப் பசி. அவனுக்குப் பசித்தால் அந்தத் தெருவே அதைக் கேட்டாக வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் சித்தி கொடுத்தனுப்பிய உறையைப் பெரிய மிஸ்ஸின் அறையில் வைத்துத்தான் பிரித்தேன். உள்ளே பெரிதாக ஒரு படம் இருந்தது. கூடவே பாஸ்போர்ட் அளவில் எட்டுப் பிரதிகள்.

பட்டாணி நீலன் வான நீலப் பின்னணியில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. இலையில் ஒரு ஓட்டை இல்லை. கிழிந்திருந்த சிறகு ஒட்டப்பட்டிருந்தது. கோடுகளைக் காணோம், புள்ளிகளைக் காணோம், வாலைக் காணோம். சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி இருந்தது.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எனக்காக ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அவர் முயற்சி செய்தது தெரிந்தது.

"இப்படி ஒரு பூச்சி உலகத்துலயே கிடையாதும்மா" என்றார் கடைசியில்.

பெரிய மிஸ் பின்னணியைத்தான் பார்த்தார். "இது நம்ம பள்ளிக்கூடம்னு நான் எப்படி நம்பறது? காலண்டர்ல வர்ற படம் மாதிரி இருக்கு." பிறகு எட்டுப் பிரதிகளையும் ஓரம் சரிசெய்து அடுக்கி என்னிடமே கொடுத்தார். நாளை இடைவேளைவரை நேரம் இருக்கிறது என்று நினைவூட்டினார்.

அன்று மாலை ஸ்டுடியோவுக்குள் நான் நுழைந்தபோது என் காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி.

"சித்தி, அந்த ரெண்டு கறுப்புப் புள்ளி எங்கே?"

"மச்சமா? எடுத்துட்டேன். நல்லா இருந்துச்சுல்ல?"

"கோடெல்லாம்?"

"அதுக்கு என்ன வயசோ, அவ்வளவு சுருக்கம். பாக்கவே பாவமா இருந்துச்சு."

"வால்?"

சித்தி கொஞ்சம் யோசித்தார். "வாலா அது? முடின்னு நெனச்சேன்."

பழைய படத்தையாவது எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்போதுதான் முழு அநியாயமும் வெளியே வந்தது. சித்தி எந்தப் படத்தையும் சுத்தம் செய்து அதே பெயரில் சேமித்துவிடுவார், பழையது போய்விடும். அப்பா தினமும் கடை மூடும் முன் எல்லா மெமரி கார்டுகளையும் அழித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். ஒருத்தர் துடைத்தார், இன்னொருத்தர் கழுவிக் கவிழ்த்துவிட்டார். என் படம் எங்கேயும் இல்லை.

வாடிக்கையாளர்கள் உட்காரும் சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அழுகை பாதிதான், மீதியெல்லாம் எரிச்சல். சனிக்கிழமை அந்தப் பூக்களையெல்லாம் வெட்டிவிடுவார்கள், அதற்கு எங்கள் வீட்டுக் கைவரிசைதான் காரணம் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ரேடியோ என்னை ஆறுதல்படுத்த ஸ்டூலைச் சுற்றிவிட்டான். அழுதுகொண்டே நாலு சுற்றுச் சுற்றினேன்.

சித்தியின் முகம் சுண்டிப்போனது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். கோபம் வரும்போது அது உதவாது.

"கவலைப்படாத பாப்பா. நாளைக்குக் காலையில நாங்களும் வர்றோம்" என்றார் அப்பா.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு வெயில் மதிலைத் தாண்டி உள்ளே இறங்கியது. ஒன்பதரைக்கு மணி அடித்துவிடும். அப்பா ஸ்டுடியோவில் பாதியைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். விளக்குத் தாங்கி, வெள்ளைக் குடை, வெள்ளைத் துணி, எல்லாம் இருந்தன. முகத்தில் பவுடர் ஒற்றும் மெல்லிய பிரஷ் ஒன்று சித்தியின் கையில் இருந்தது. எதற்கு என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. ரேடியோ வரும் வழியிலேயே ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, இன்னொன்றையும் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

அப்பா முதல் வேலையாகத் தும்பைக்குப் பின்னால் வெள்ளைத் துணியைக் கட்டினார். கட்டுகிற சத்தத்தில் அங்கே இருந்த பூச்சிகளெல்லாம் பறந்துபோயின. அவை திரும்பி வந்தபோது சித்தி ஓர் இலையில் இருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினார். மறுபடியும் பறந்துபோயின. மதில் ஓரத்தில் ரேடியோ ஒரு வெட்டுக்கிளியிடம் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணி வாக்கில் பட்டாணி நீலன் ஒன்று வரவே செய்தது. என் கையில் இருந்த கேமராவை அப்பா வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிப் பன்னிரண்டு படம் எடுத்தார். பூச்சி அதற்குமேல் பொறுக்கவில்லை.

"கண்ணு சரியா விழுந்திருக்கு பார். முகம்னா கண்ணுதான் முக்கியம்" என்று திரையைக் காட்டினார்.

பார்த்தேன். இரண்டு கறுப்புப் புள்ளிகளும் கத்தி மாதிரி கூர்மையாக விழுந்திருந்தன. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவ்வளவு நெருங்கி எடுத்ததில் பூவே படத்துக்குள் வரவில்லை. பின்னால் முழுக்க வெள்ளைத் துணி.

"அப்பா, அது கண்ணில்ல. அது பின்பக்கம்."

அப்பா திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா போட்டோ எடுக்கறேன். ஒருத்தர்கூட என்னை இப்படித் திருப்பி உக்காந்து ஏமாத்தினதில்ல" என்றார்.

எல்லாரும் தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அப்பாவின் சட்டையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் நாயுருவி முள் வரிசையாக ஒட்டியிருந்தது. சித்தி ஒரு காலில் நெருஞ்சி முள் குத்தியிருந்தும் அசையாமல் குந்தியிருந்தார், அசைந்தால் பூச்சி பறந்துவிடுமோ என்ற பயத்தில். வாரத்தில் கூட்டம் அதிகம் வருகிற காலையில் இரண்டு பேரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன்.

இவர்களுக்கு ஒரு வேலை வேண்டும். இல்லையென்றால் என் வேலையைச் செய்துகொண்டே இருப்பார்கள்.

வெள்ளைத் துணியை முதலில் அவிழ்த்து, மடித்துத் தரையில் விரித்தேன். ரேடியோவை அதன்மேல் காலை நீட்டி உட்காரவைத்தேன். சித்தியைப் பார்த்து, "ஒரு முகத்துல கடுகளவு கறை இருந்தாலும் உங்களுக்குத் தெரியும்ல? இந்தச் செடியில அந்த மாதிரி கறை எங்கேயாவது வந்து உக்காருதான்னு பாருங்க. துடைக்க வேண்டாம். காட்டினா போதும்" என்றேன். சித்தி பிரஷ்ஷைக் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

அப்பாவிடம் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு இல்லை. காற்று வரும் பக்கம் தாழ்வாகப் பிடித்தால் பூ ஆடாது. "பேசக் கூடாதுப்பா. தாடையைப் பத்தியும் பேசக் கூடாது" என்றேன். அப்பா வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

நான் குப்புறப் படுத்தேன். மணி ஒன்பது பத்து. ஒன்பது பதினைந்து. என் மூக்கு மண்ணில் உரசியது. முந்தாநாள் கடித்த எறும்போ அதன் உறவினரோ அதே முழங்கையில் மறுபடியும் கடித்தது.

"மூணாவது தண்டு. கீழே" என்று சித்தி மெதுவாகச் சொன்னார். அவர் சொன்ன இடத்தில் முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. பிறகுதான் சிறகு அசைந்தது. மனுஷிக்கு என்ன கண்ணோ.

அது எழும்பியது. ஒரு வட்டம் போட்டது. தும்பைக்கு வரவில்லை. நேராகப் போய் ரேடியோவின் முழங்காலில் உட்கார்ந்தது.

ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. அவன் பிறந்ததிலிருந்து நான் பார்க்காத அதிசயம் அது. ஓடி விளையாடியதில் அவன் கால் முழுக்க வியர்வை. பூச்சி மெல்லிய குழலை நீட்டி அதை உறிஞ்ச ஆரம்பித்தது.

குடைக்குப் பின்னாலிருந்து அப்பா கண்ணாலேயே, எடு எடு என்றார். என்னால் எடுக்க முடியாது. ரேடியோவின் முழங்கால் தானாக முளைத்த பூ இல்லை.

"அக்கா, குறுகுறுங்குது" என்றான் அவன், உதட்டை அசைக்காமல். "தட்டி விடவா?"

தட்டினால் அது மதிலைத் தாண்டிப் போய்விடும். மணி ஒன்பது இருபது.

"தட்டாதடா கண்ணா. அதுவா போகட்டும். உன்னால முடியும்" என்றேன். அவனால் முடியும் என்று எனக்குச் சுத்தமாக நம்பிக்கை இல்லை. ஆனால் அதை அவனிடம் சொல்லவா முடியும்?

அவன் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கு வழிந்தது, துடைக்கவில்லை. பூச்சி முழங்காலிலிருந்து இறங்கியது. பொறுமையாகக் கால் எலும்பின் மேல் நடந்து பாதத்துக்கு வந்தது. கட்டைவிரலில் ஏறி நின்றது. அங்கேயும் ஒரு வாய் குடித்தது. பிறகு எழும்பி, விரலுக்குப் பக்கத்திலேயே இருந்த தும்பைக்குத் தாவியது.

காற்று அடித்தது, பூ ஆடியது. அப்பா குடையை ஒரு சாண் நகர்த்தினார். பூ நின்றது. பூச்சி குழலைப் பூவுக்குள் விட்டது. நான் அழுத்தினேன். மறுபடியும் அழுத்தினேன். மூன்றாவது முறை அழுத்தியபோது அது பறந்துவிட்டது.

அடுத்த நிமிஷம் மணி அடித்தது. ரேடியோ, பூச்சி தன் காலில் உட்கார்ந்த கதையைப் பக்கத்தில் இருந்து பார்த்த எங்களுக்கே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.

திரையில் பார்த்தேன். ஒரு படம் நன்றாக விழுந்திருந்தது. கோடுகள், இரண்டு புள்ளிகள், வால், பூவுக்குள் போன குழல், எல்லாம் தெரிந்தன. சிறகின் ஓரம் கிழிந்திருந்தது. இலையில் ஓட்டை, தண்டில் எறும்பு, பின்னால் பெயின்ட் உரிந்த மதில் சுவர். கீழ் மூலையில் அழுக்கு நகத்தோடு ரேடியோவின் கட்டைவிரல்.

நான் வகுப்புக்குப் போயாக வேண்டும். பிரிண்ட் போட்டு இடைவேளைக்குள் கொண்டுவரச் சித்தியை விட்டால் வேறு ஆளில்லை. கேமராவைக் கார்டோடு அவர் கையில் வைத்தேன்.

"சித்தி, எதையும் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"சுருக்கம், மச்சம், எறும்பு, எதையும்."

"சரிம்மா." சித்தி திரையில் படத்தை இன்னொரு முறை பார்த்தார். அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தானாகவே துடித்தது. "அந்தக் கால் விரலை மட்டும்? அதுல அவ்வளவு அழுக்கு."

"அதையும்தான்."

முதல் வகுப்பு கணக்கு. டீச்சர் என்ன நடத்தினார் என்று என்னைக் கேட்காதீர்கள். வான நீலப் பின்னணியில் எட்டுப் பிரதிகள்தான் என் கண்ணுக்குள் ஓடின. இரண்டாவது வகுப்பில் எதற்கோ என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தேன்.

இடைவேளை மணி அடித்ததும் சார் உறையோடு வராந்தாவில் நின்றார். சித்தி அதை டேப் போட்டு நாலு பக்கமும் ஒட்டியிருந்தார். பிரித்துப் பார்க்க நேரமில்லை. அப்படியே பெரிய மிஸ்ஸின் மேசையில் வைத்தோம்.

அவர் கத்தரிக்கோலால் ஓரத்தை நேராக வெட்டி, படத்தை வெளியே எடுத்தார். நான் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்.

கிழிந்த சிறகு இருந்தது. இலையில் ஓட்டை இருந்தது. எறும்பு இருந்தது. கட்டைவிரல், அதன் நகத்தடி அழுக்கு உட்பட, அப்படியே இருந்தது.

சார் குனிந்து கோடுகளைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார். "பட்டாணி நீலனேதான்" என்றார்.

பெரிய மிஸ் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது நம்ம சுவர்தான். இந்த இடத்துல பெயின்ட் உரிஞ்சிருக்குன்னு போன மாசமே சொன்னேன்" என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு மற்ற ஒன்பது படங்களையும் எடுத்து, இதையும் கீழே சேர்த்து, நாலு பக்கமும் தட்டிச் சரிசெய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

"பத்து" என்றார். "சொன்னா சொன்னதுதான். வெட்ட வேண்டாம்."

புல்விரிப்புக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். தொட்டிகளை முன்வாசலில் வைக்கச் சொன்னார். அந்த இடத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை செங்கல் வைக்க வேண்டும், அதுவும் நேராக வைக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னார். சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாங்கள் கதவருகே போனபோது பெரிய மிஸ் கூப்பிட்டார்.

"அந்தக் கால் யாருதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஆனா நகம் வெட்டச் சொல்லுங்க."

பள்ளி வாசலில் சித்தி கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். இடம் தப்பித்ததா என்று அவர் கேட்கவில்லை. விரலைப் பார்த்து மிஸ் என்ன சொன்னார் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். சித்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எப்படி சித்தி தொடாம இருந்தீங்க?"

"வலது கை மேல உக்காந்துக்கிட்டேன். இடது கையால பட்டனை அழுத்தினேன். இன்னும் மரத்துப்போய்க் கிடக்கு" என்று கையை உதறிக் காட்டினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடுவில் கம்பி இருந்ததால் மரத்துப்போன கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டேன்.

பள்ளியில் புது அடையாள அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். அன்று மாலையே நேராக ஸ்டுடியோவுக்குப் போய்ச் சுழல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்பா தாடையை இறக்கச் சொன்னார், இறக்கினேன். அவர் என் கண்ணைப் பார்த்துப் படம் எடுத்தார். இந்த முறை கண் சரியான பக்கத்தில் இருந்தது.

சித்தி கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, அதுவரை யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "எது போகணும், எது இருக்கணும்?"

"எதையும் தொட வேண்டாம் சித்தி" என்றேன், ரொம்பக் கம்பீரமாக.

அடுத்த வாரம் அட்டை வந்தது. புருவத் தழும்பு இருந்தது. தாடை மச்சம் இருந்தது. நூலகர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் புத்தகத்தைப் பதிந்து கொடுத்தார்.

ஆனாலும் ஒரு வருத்தம் உண்டு. படம் எடுத்த அன்று காலையில் குப்புறப் படுத்தபோது என் மூக்கு நுனியில் ஒட்டிய மண்ணும் அட்டையில் அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி அன்று முழுக்க ஒரு பயலும் எனக்குச் சொல்லவில்லை. அதை மட்டுமாவது சித்தி எடுத்திருக்கலாம்.